147 சென்ட் இறங்கிய நாகஸ்வரம்

வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைத் தாண்டிப் புங்குடுதீவுக்குள் நுழையும் பக்கத்தில் இருக்கிறது மடத்துவெளி. கோயில் திருவிழா என்றால் அங்கே மேளம். மேளம் என்றால் அளவெட்டி, இணுவில் பக்கமிருந்து வந்த நாகஸ்வரமும் தவிலும். போர்க்காலத்தில் தீவுப்பகுதிப் பிள்ளைகள் சூரிச், பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று சிதறியபோது திருவிழாவின் ஒலியும் அவர்களோடு புறப்பட்டது. முதலில் கசெற்றாக, பிறகு வீடியோ நாடாவாக, பிறகு இறுவட்டாக. ஊர்க் கோயில்மீது பாட்டெழுதி, பக்கவாத்தியத்தைச் சென்னையிலும் குரலைக் கனடாவிலும் பதிந்து இறுவட்டாக வெளியிடும் பழக்கமும் வந்தது.

அப்படி ஒரு பதிவின் மூலநாடா இன்று யாரோ ஒருவர் கையில் கிடைத்து, கணினியில் ஏறி, ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாகஸ்வரம் கேட்கிறது, ஆனால் ஏதோ சோர்வு. ராகம் சரி, சங்கதி சரி, நடை மட்டும் தளர்ந்திருக்கிறது. 'அண்டைக்கு அவருக்கு மூச்சுக் காணாது போல' என்று வாசித்தவர் தலையில் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஒரு ஹார்மோனியத்தை எடுத்து ஷட்ஜத்தைத் தேடினால்தான் விஷயம் விளங்கும். ஒன்றரைக் கட்டையை அழுத்தினால் நாகஸ்வரம் அதற்கு மேலே நிற்கிறது. இரண்டு கட்டையை அழுத்தினால் கீழே நிற்கிறது. ஏறக்குறைய நட்டநடுவில், எந்தக் கட்டையும் இல்லாத இடத்தில் அதன் சுருதி.

டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான பாரி நாகஸ்வரத்தை மேடைக்குக் கொண்டுவந்த பிறகு, இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை என்பது அந்த வாத்தியத்தின் இயல்பான இருப்பிடமாகிவிட்டது. இரண்டரைக் கட்டை ஷட்ஜம் நொடிக்குச் சுமார் 311 அதிர்வுகள். நம் பதிவில் இருப்பதோ 286. சீவாளியை மாற்றியும் உதட்டை அழுத்தியும் வித்துவான் சுருதியைக் கொஞ்சம் அசைக்கலாம்தான். ஆனால் அதே பதிவில் பின்னணியில் ஒலிக்கும் மின்னணு கீபோர்டும் அதே அளவு இறங்கியிருக்கிறதே! கீபோர்டுக்கு மூச்சு வாங்காது.

311ஐ 286ஆல் வகுத்தால் 1.087 வருகிறது. 48,000ஐ 44,100ஆல் வகுத்தால் 1.088, ஏறக்குறைய அதே விடை.

ஒலியை எண்ணாக்கும் இயந்திரம் செய்வதெல்லாம் ஒலியலையின் உயரத்தை நொடிக்கு இத்தனை தடவை என்று அளந்து எழுதுவதுதான். அந்த 'இத்தனை தடவை' மாதிரி வீதம். 48,000 மாதிரி எடுத்த ஒரு நொடியை, 'நொடிக்கு 44,100' என்று நம்பிக்கொண்டு ஒரு கருவி வாசித்தால், அந்த ஒரு நொடி 1.088 நொடியாக நீளும். நான்கு நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 நொடி ஆகும். வேகம் குறைந்தால் சுருதியும் கூடவே இறங்கும். ஒரு ஸ்தாயியை 1,200 பங்காக்கி, ஒரு பங்கைச் சென்ட் என்பார்கள். கட்டையில் அரைக் கட்டை நகர்வு 100 சென்ட். இங்கே இறக்கம் 147 சென்ட். ஆகையால்தான் இரண்டரையிலிருந்து கிளம்பிய ஷட்ஜம் இரண்டையும் தாண்டி, ஒன்றரைக்கு வந்துசேராமல் தொங்கியது.

பழைய ஒலிநாடாவின் நோய் வேறு. மோட்டார் ஓடி ஓடிக் களைக்கும், நாடா இழுபடும், உருளை வழுக்கும். வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தொகுப்பு 1959இல் பதிவானபோது ஓர் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் முதல் பக்கப் பாடல்கள் பல பத்தாண்டுகள் மேல்சுருதியிலேயே உலகமெங்கும் விற்றன. கூடவே ஓடிய மாற்று இயந்திரத்தின் நாடா சரியான வேகத்தில் இருந்ததால் 1990களின் மறுவெளியீட்டில் திருத்த முடிந்தது. டிஜிட்டல் பதிவில் இந்தத் தடுமாற்றம் கிடையாது. குவார்ட்ஸ் படிகம் ஒன்று தாளம் போட, மாதிரிகள் இம்மி பிசகாமல் விழும். பிழை வந்தால் அதுவும் இம்மி பிசகாமல் வரும். எவ்வளவு பிழை என்பது பெரும்பாலும் ஒரு சின்னப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். பழுது பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை.

மாதிரி வீதங்களின் அந்தப் பட்டியல் ஏன் உண்டாயிற்று என்பது ஒரு வேடிக்கையான வரலாறு. 1970களின் இறுதியில் எண்களை அத்தனை வேகமாக எழுதி வாங்கக்கூடிய, கைக்கெட்டிய இயந்திரம் வீடியோ ரெக்கார்டர்தான். ஆகவே சோனி பொறியாளர்கள் ஒலி எண்களைத் தொலைக்காட்சிப் படம்போல வேடமிட்டு வீடியோ நாடாவில் ஏற்றினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படும் 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள்: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 கோடுகள், 3 மாதிரிகள்: அதுவும் 44,100. இரண்டு உலகத்துக்கும் பொருந்திய அந்த எண்ணை 1982இல் இறுவட்டு சுவீகரித்துக்கொண்டது. அதற்குமுன் 3எம் நிறுவனத்தின் 32 தட இயந்திரம் 50,000 மாதிரியில் ஓடியது. ரை கூடரின் 1979ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு 'பாப் டில் யூ டிராப்' அதில் பதிவானது. மிட்சுபிஷியின் எக்ஸ்-80 இயந்திரத்துக்கு 50,400. 1987இல் வந்த டாட் என்ற டிஜிட்டல் ஒலிநாடாவோ 32,000, 44,100, 48,000 என மூன்று வீதங்களையும் கையாண்டது. ஒரு மாநாடு கூடி ஒரே எண்ணை முடிவு செய்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

பல்தடப் பதிவைச் சின்னக் கூடங்களுக்கும் வீட்டு அறைகளுக்கும் கொண்டுவந்தது அலெசிஸ் நிறுவனத்தின் ஏ-டாட். 1991இல் அறிவிக்கப்பட்டு 1992இல் கடைக்கு வந்தது. எஸ்-வி.எச்.எஸ். வீடியோ கசெற்றில் 8 தடங்கள், ஒரு நாடாவுக்குச் சுமார் 40 நிமிடம். 16 இயந்திரங்கள்வரை கோர்த்து 128 தடங்கள் ஆக்கலாம். பாடகி அலானிஸ் மோரிசெட்டின் 'ஜாகெட் லிட்டில் பில்' (1995) போன்ற பெருவெற்றிகளும் ஏ-டாட்டில் பதியப்பட்டவைதான். முதல் வகை ஏ-டாட்டின் இயல்பான வீதம் 48,000. இறுவட்டுக்காக 44,100 வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சுவிட்ச் கிடையாது. சுருதிப் பொத்தானை அழுத்தி −147 சென்டுக்கு இறக்க வேண்டும். பிறகு வேறொரு நாள், வேறொரு இயந்திரத்தில், அதே நாடாவைப் போடுபவர் மறுபடி −147ஐ வைக்க வேண்டும். வைக்காவிட்டால் எல்லாம் 147 சென்ட் ஏறி ஒலிக்கும். கசெற் உறையில் பென்சிலால் 'மைனஸ் 147' என்று கிறுக்கி வைத்த பதிவாளர் புண்ணியவான். (48,000க்கும் 44,100க்கும் உள்ள விகிதம் 160க்கு 147. சென்ட் கணக்கிலும் அதே 147 வருவது வெறும் தற்செயல். எண்களுக்கும் குறும்பு உண்டு.)

நாடா போய்க் கணினி வந்ததும் தொல்லை வேறு உருவம் எடுத்தது. 1990களில் மெக்கின்டாஷ் கணினியில் பதிந்த பலர் சவுண்ட் டிசைனர் 2 என்ற கோப்பு வகையைப் பயன்படுத்தினார்கள். அன்றைய மெக்கின்டாஷ் ஒரு கோப்பை இரண்டு கிளைகளாக வைத்திருந்தது. ஒலி ஒரு கிளையில். மாதிரி வீதம் முதலான விவரம் மறு கிளையில். அந்தக் கோப்பை விண்டோஸ் கணினியின் வட்டுக்குச் சாதாரணமாகப் பிரதி எடுத்தால் இரண்டாவது கிளை உதிர்ந்துவிடும். ஒலி முழுதாக இருக்கும், ஆனால் நொடிக்கு எத்தனை மாதிரி, ஒரு மாதிரிக்கு எத்தனை பிட், எத்தனை தடம் என்று சொல்ல ஆளிருக்காது. இத்தகைய அநாதைக் கோப்பைத் திறக்கிறவர் எல்லாவற்றையும் ஊகித்துக் கொடுக்க வேண்டும். பைட் வரிசையை மாற்றிச் சொன்னால் காதைக் கிழிக்கும் இரைச்சல்தான் வரும். ஒரு வகையில் அது நல்லது, பிழை உடனே தெரிந்துவிடுகிறது. வீதத்தைத் தவறாகச் சொன்னால் பாட்டு வரும், பாட்டு மாதிரியே வரும். ஆபத்து அங்கேதான்.

ஆபத்தின் உச்சம் 32,000. 1990களின் பிற்பகுதியில் வந்த மினி டிவி வீடியோக் கமெராக்களில் 12 பிட், 32,000 மாதிரி, நான்கு தடம் என்று ஒரு முறை உண்டு. எத்தனையோ கலியாணமும் தேர்த் திருவிழாவும் அந்த முறையில் பதிவாகியிருக்கின்றன. 32,000இல் பதிந்ததை 48,000 என்று வாசித்தால் ஏற்றம் மிகச்சரியாக ஒன்றரை மடங்கு. ஒன்றரை மடங்கு என்றால் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவேதான்! ஷட்ஜம் போய்ப் பஞ்சமத்தில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் வைத்த சுருதிப்பெட்டியோடு அது இழையும். சுருதியை மட்டும் பார்க்கிறவர் 'சேர்ந்துதானே நிற்கிறது' என்று விட்டுவிடலாம். மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிய நேரமும் சிறுபிள்ளைக் கீச்சுக் குரலும்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் சினிமாவும் உண்டு. திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டம். இலங்கை, இந்தியா, பிரித்தானியா, சுவிஸ் எல்லாம் பின்பற்றிய பால் முறைத் தொலைக்காட்சிக்கு 25 சட்டம். வீடியோ நாடாவுக்கு மாற்றியவர்கள் பொதுவாகச் சுருளை 25இல் ஓட்டிவிட்டார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்தது. பாட்டெல்லாம் 71 சென்ட் ஏறியது. கனடாவின் என்.டி.எஸ்.சி. முறையிலோ சட்டங்களைத் திரும்பத் திரும்பக் காட்டிக் கணக்கை நேராக்குவதால் வேகம் ஏறக்குறைய மாறாது. ஆக, சுருளிலிருந்து நேராக மாற்றிய நாடாக்களைப் பார்த்து வளர்ந்திருந்தால், சூரிச்சில் இருந்த பிள்ளையும் ரொறன்ரோவில் இருந்த ஒன்றுவிட்ட தம்பியும் ஒரே பாட்டை முக்கால் அரைக்கட்டை வித்தியாசத்தில் மனப்பாடம் செய்திருப்பார்கள்.

எந்தப் பிழை நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவுக்குள்ளேயே சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி மின்சார இரைச்சல். மின்கம்பியின் அருகே ஓடிய எந்த மைக் கம்பியிலும் அந்த ஊர் மின்சாரத்தின் அதிர்வு மெல்லிய 'ம்ம்ம்' ஆகப் பதிந்துவிடும். இலங்கையில் 50 ஹெர்ட்ஸ், கனடாவில் 60. நல்ல மின்வலையில் அது ஒரு விழுக்காடு அசைவதே அரிது. யாழ்ப்பாணத்துப் பதிவில் 45.9 ஹெர்ட்ஸில் இரைச்சல் கிடைத்தால் 48,000ஐ 44,100ஆக வாசித்திருக்கிறார்கள், 54.4 என்றால் தலைகீழ். ஆனால் பதிவு எங்கே நடந்தது என்று தெரியாமல் இதில் இறங்கக்கூடாது. ரொறன்ரோவின் 60 இறங்கினால் 55.1இல் வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தின் ஏறிய 54.4க்கும் அதற்கும் இடைவெளி ஒரு ஹெர்ட்ஸ்கூட இல்லை. ஆனால் இரண்டுக்கும் செய்யவேண்டிய திருத்தம் எதிரெதிர். அதனால் இரைச்சலின் பத்தாவது மடங்கைப் பார்ப்பார்கள். அங்கே 544க்கும் 551க்கும் நடுவில் மயக்கம் இல்லை.

1990களின் முற்பகுதி யாழ்ப்பாணப் பதிவுகளில் இந்தச் சாட்சி பல்டி அடிக்கும். தேசிய மின்வலையிலிருந்து குடாநாட்டுக்கு மின்சாரம் வராத காலம் அது. கோயிலுக்கும் கூட்டத்துக்கும் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர். வீட்டில் றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. ஜெனரேற்றரில் ஒரு குழல்விளக்கைக் கூடுதலாகப் போட்டாலே சுழற்சி தளரும், 50 ஹெர்ட்ஸ் 48க்கோ 49க்கோ நழுவும். அப்போது இரைச்சலை நம்பித் திருத்துவது ஜெனரேற்றரின் தள்ளாட்டத்தை நாகஸ்வரத்தில் ஏற்றுவதாகிவிடும்.

கோயில் மணி அதைவிட நம்பகமானது. வெண்கல மணியின் ஒலிக்கூறுகளை அதன் வடிவமும் தடிப்பும் தீர்மானிக்கின்றன. வெயிலும் மழையும் அவற்றைச் சில சென்டுக்கு மேல் அசைப்பதில்லை. திருவிழாப் பதிவில் பூசை மணி கேட்குமானால், அதே மணி இன்றும் அதே இடத்தில் தொங்குமானால், கைபேசியில் அதைப் பதிந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. ஆய்வுக்கூடமே வேண்டாம், ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

மூன்றாவது சாட்சி குரல். மனிதக் குரலின் சாயலைத் தருவது தொண்டையிலிருந்து உதடுவரை உள்ள குழாயின் நீளம். வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்ரிமீற்றர். பதிவு 147 சென்ட் ஏறினால் அந்தக் குழாய் 15.6 சென்ரிமீற்றராகச் சுருங்கியதுபோல ஒலிக்கும். தெரிந்தவர் குரலில் அது சட்டென்று உறைக்கும்.

குரல் கெடும் விதத்தைப் புரிந்துகொண்டால், திருத்துவதில் பலர் செய்யும் தவறும் புரியும். இன்றைய மென்பொருள்களில் வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் ஏற்றும் கருவி உண்டு. குரலின் சாயலைக் காத்துக்கொண்டே ஏற்றுவதும் உண்டு. இறங்கிப்போன நம் மேளத்துக்கு அதைப் பிரயோகித்தால் ஷட்ஜம் இரண்டரைக் கட்டைக்கு வந்துவிடும். ஆனால் நடை தளர்ந்தபடியே இருக்கும், பாடியவர் சாயலும் வேறொருவருடையதாகவே நிற்கும், தவிலின் கூர்மையான தட்டு மாவாகக் கரையும். கருவி பொல்லாதது அல்ல. போத்தலில் இருக்கும் மருந்து சரி, ஒட்டியிருக்கும் சீட்டுத்தான் பிழை. அதற்குப்போய் மருந்தைக் காய்ச்சக்கூடாது.

சீட்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் தெரிந்ததே. சாதாரண வேவ் கோப்பின் தொடக்கத்தில் 44 பைட் முகவுரை ஒன்று இருக்கும். அதில் 25ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட்டுகள் மாதிரி வீதம். 44,100 என்றால் பதினாறடிமான எழுத்தில் 44, ஏசி, 00, 00. 48,000 என்றால் 80, பிபி, 00, 00. அடுத்த நான்கு பைட்டுகளில் நொடிக்கு எத்தனை பைட் என்ற கணக்கு இருக்கும். அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் தடத்தின் பட்டியலைத் திறந்து வீதத்தை மாற்றினாலும் இதே வேலை நடக்கும். ஒலியின் ஒரு மாதிரிகூடத் தொடப்படுவதில்லை. அதன்பிறகு இறுவட்டுக்கு 44,100 வேண்டுமென்றால் முறையாக மறுமாதிரி எடுக்கலாம்: ஒவ்வொரு 160 மாதிரிக்கும் 147 புதிய மாதிரி கணக்கிடப்படும், வேகமும் சுருதியும் அசையாது. சீட்டை மாற்றுவதும் மறுமாதிரி எடுப்பதும் ஒன்றென்று எண்ணுவதே பல பழைய பதிவுகளைக் கெடுத்தது.

இது சுருதிச் சண்டை மட்டுமல்ல. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தவிலில் காட்டிய வேகமும் தெளிவும் இன்றும் பேசப்படுகின்றன; இயக்குநர் அம்ஷன்குமார் அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். அப்படிப்பட்ட ஒருவரின் வாசிப்பு 44,100க்குப் பதில் 48,000இல் ஓடினால் கைவேகம் கிட்டத்தட்ட 9 விழுக்காடு கூடித் தெரியும். மெதுவாக ஓடினால் சுமார் 8 விழுக்காடு குறையும். தவிலில் ஷட்ஜத்தைத் தேடிப் பிடிக்கவும் முடியாது; கூட வாசித்த நாகஸ்வரம் கேட்கும் பகுதியை வைத்துத்தான் முழுப் பதிவையும் அளக்க வேண்டும். ஒரு கலைஞரின் பெயர் கைவேகத்தில் நிற்கும்போது இந்த அளவை அவர் வரலாற்றின் பகுதி.

பல இயந்திரங்களில் பிரிந்து பதிவான பாட்டில் வேறொரு சிக்கல் வரும். படிகக் கடிகாரங்கள் துல்லியமானவை, ஆனால் இரண்டு படிகம் ஒன்றுபோல இராது. பத்து இலட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் சாதாரணம். கோர்க்காமல் தனித்தனியே ஓடிய இரண்டு ஏ-டாட்டுகள் ஒரே நொடியில் தொடங்கினாலும், 40 நிமிட முடிவில் 0.12 நொடி விலகியிருக்கும். சுருதியில் அது காதுக்கே எட்டாத அளவு. தாளத்திலோ தவில் ஒரு தட்டு, அதன் எதிரொலி இன்னொரு தட்டு. என்.டி.எஸ்.சி. வண்ண முறையின் 59.94 புலத்தோடு ஓடிய பழைய பதிவு முறைகளின் 44,056 மாதிரியும் இப்படித்தான்: 44,100க்கும் அதற்கும் 1.7 சென்ட்தான் வித்தியாசம், ஆனால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகல். தொடக்கத்தில் ஒரு தட்டையும் முடிவில் ஒரு தட்டையும் இரண்டு நாடாக்களிலும் அடையாளம் கண்டு, இடைப்பட்ட மாதிரிகளை எண்ணி, அந்த விகிதத்தில் ஒன்றை மறுமாதிரி எடுத்தால் பிணக்குத் தீரும். நடுவில் வெட்டி ஒட்டுவது சோம்பேறி வழி. ஒரே நாடாவின் 8 தடங்களுக்கும் கடிகாரம் ஒன்று. ஆகவே எட்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். தவிலின் இரு முகத்துக்கும் வைத்த இரண்டு மைக்குகளைத் தனித்தனியாகத் திருத்தினால் ஒன்றின் அலை மற்றதைத் தின்னும்.

தீவுப்பகுதிப் பதிவுகளில் மிகக் கடினமானவை இரட்டைப் பிழை கொண்டவை. தேயும் பற்றறியில் ஓடிய கசெற் ரெக்கார்டரில் திருவிழா பதிவாகும். வெளிநாட்டில் யாரோ அதை டாட்டுக்கு மாற்றுவார்கள். அது பிறகு தவறான சீட்டோடு கணினிக்குப் போகும். பற்றறி தேயத் தேயப் பதியும் மோட்டார் மெதுவாகும், அதை ஒழுங்கான இயந்திரத்தில் வாசிக்கும்போது பாட்டு போகப்போக ஏறும். பதிவின் தொடக்கத்தில் மணி −147 சென்ட், முடிவில் −90 என்று வந்தால் கதை விளங்கிவிடுகிறது. −147 டிஜிட்டல் பிழை, அது தொடக்கம் முதல் முடிவுவரை மாறாது. மேலே ஏறிய 57 பற்றறியின் வேலை. முதலில் சீட்டைத் திருத்தி, பிறகு மிச்சமுள்ள ஏற்றத்துக்கு ஒரு வளைகோடு வரைந்து, அதன் தலைகீழாக வேகத்தை மாற்ற வேண்டும். செலமனி நிறுவனத்தின் கேப்ஸ்டன் போன்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. பதியும் இயந்திரம் சேர்த்து நாடாவில் தங்கிப்போன, காதுக்கு எட்டாத பயஸ் அதிர்வையே அளவுகோலாகக் கொள்ளும் பிளாஞ்சென்ட் என்ற முறையும் உண்டு. 1949இல் கம்பியில் பதிவான, அமெரிக்க நாட்டார் பாடகர் வுடி கத்ரியின் கச்சேரியை மீட்டதில் அந்த முறைக்குப் பங்குண்டு, அந்த வெளியீடு 2008இல் கிராமி விருது பெற்றது. ஆனால் கசெற்றை ஏற்கெனவே 48,000 மாதிரியில் மாற்றிவிட்டிருந்தால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. பயஸ் போய்விட்டது, மணிதான் துணை.

வளைகோட்டை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்பதில் மீட்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு நொடிக்கும் சுருதியைக் கட்டைக்கு இழுத்து வைத்தால் நாகஸ்வரத்தின் கமகமே தட்டையாகிவிடும். தோடியின் காந்தாரம் ஆடவேண்டிய அளவுக்கு ஆட இடமில்லாமல் போகும். ஆகையால் அனுபவசாலிகள் நாகஸ்வரத்தை வைத்து வளைகோடு வரைவதில்லை. மணி, ஒத்து, பின்னணி இரைச்சல் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பல நிமிடங்களுக்கு ஒரு புள்ளி என்று அகலமாக வரைகிறார்கள். திருத்தாத மூலக்கோப்பு அதன் பிழையான சீட்டோடு அப்படியே சேமிக்கப்படுகிறது. பக்கத்தில் ஒரு குறிப்பு: எந்த இயந்திரம், எந்த எண், எங்கிருந்து எங்கே எத்தனை சென்ட். நாளை அந்தக் கோயிலின் இன்னொரு பதிவு இன்னொரு வீட்டு அலுமாரியிலிருந்து கிளம்பினால், இரண்டையும் ஒப்பிட்டு முதல் திருத்தத்தையே மறுபடி திருத்த வேண்டி வரலாம்.